இலவசம் யார் கணக்கில்?

பி.காம். படித்தவனிடம் 'இலவசம்' என்று சொல்லிப் பாருங்கள். சந்தோஷப்பட மாட்டான். 'எந்தக் கணக்குல டெபிட்?' என்பான். படிப்பு அப்படி!

மும்பையில் 1995-லிருந்து ஓர் இலவசம் நடக்கிறது. குடிசைவாசிக்கு ஃப்ளாட். கட்டிக் கொடுப்பது பில்டர். பில்டர் என்ன கர்ணன் பரம்பரையா? அதெல்லாம் இல்லை சார். அவருக்கு ஆகாசத்தை எழுதிக் கொடுக்கிறார்கள்.

சிரிக்காதீர்கள். இதற்குப் பெயர் எஃப்.எஸ்.ஐ. 10,000 சதுர அடி மனையில் எஃப்.எஸ்.ஐ. 1 என்றால் 10,000 சதுர அடி கட்டலாம். அதையே 2.5 ஆக்கினால் 25,000. மண் ஒரு பிடிகூட அதிகமாகவில்லை. ஒரே ஒரு கையெழுத்துதான்! குடிசைக்காரர்களை ஒரு மூலையில் மாடி மாடியாக அடுக்கிவிட்டு, மிச்சத்தை பில்டர் மார்க்கெட் விலைக்கு விற்கலாம்.

ஆக, டெபிட் நிலத்தின் கணக்கில். விளைவு? கஷ்டம் அதிகமுள்ள இடத்துக்கு பில்டர் வருவதில்லை; சதுர அடி விலை அதிகமுள்ள இடத்துக்குத்தான் ஓடி வருவார்.

தாராவியைப் பாருங்கள். அந்தக் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் ஷாப்புக்கு வேலைக்குப் போனவர்கள் குடியேறிய இடம். 'நாயகன்', 'காலா' புண்ணியத்தில் நமக்கும் பரிச்சயம். சுமார் 600 ஏக்கர். பக்கத்திலேயே பாந்த்ரா - குர்லா காம்ப்ளெக்ஸ். பில்டருக்கு நாக்கில் எச்சில் ஊறாதா?

ஆனாலும் தாராவி அசையவில்லை. 2004-ல் பெரிய திட்டம் போட்டார்கள். டெண்டர், ரத்து. 2018-ல் மறுபடி டெண்டர். 2020-ல் அதுவும் ரத்து.

லைசா வைன்ஸ்டீன் என்ற அமெரிக்க சமூகவியல் ஆராய்ச்சியாளர் இதைத்தான் துருவினார். 'தி ட்யூரபிள் ஸ்லம்' என்ற புத்தகம் 2014-ல் வந்தது. 'ஏன் இன்னும் இடிக்கவில்லை?' என்று ஊரே கேட்டபோது, 'இத்தனை வருஷம் எப்படித் தாக்குப் பிடித்தது?' என்று அவர் கேட்டார். அவர் சொல்வதன் சாரம்: மும்பையில் அதிகாரம் ஒரே கையில் இல்லை. கார்ப்பரேஷன், மாநில சர்க்கார், மத்திய சர்க்கார், கட்சிகள், லோக்கல் தலைவர்கள், சங்கங்கள் என்று ஆளுக்கு ஒரு வடம். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தால் தேர் எப்படி நகரும்? அந்த இழுபறிதான் ஏழைக்குக் காவல்!

இப்போது வடம் கை மாறிவிட்டது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் டெண்டரை எடுத்தது. 2023 ஜூலையில் திட்டம் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கம்பெனியில் அவர்களுக்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20.

இனி எல்லாம் தேதிக் கணக்கு. 1.1.2000-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு அத்தாட்சி இருந்தால், தாராவியிலேயே 350 சதுர அடி இலவசம். அதன்பின் 2011 தொடக்கத்துக்குள் வந்தவரா? இரண்டரை லட்சம் கட்டுங்கள். வீடு தாராவிக்கு வெளியே. மாடியில் குடியிருந்தவரா? வெளியேதான், அதுவும் ஹயர் பர்ச்சேஸில். பிழைப்பு மட்டும் அந்தச் சந்திலேயே இருக்கும். தையல் மிஷினும் தோல் பை ஆர்டரும் பின்னாலேயே பஸ் ஏறி வருமா?

விற்கப் போவது ஆகாசத்தை. இத்தனை வருஷமாக இரும்பு ஏணியில் ஏறி இறங்கி, அந்த ஆகாசத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்த மாடிவீட்டுக்காரனுக்குத்தான் அதில் பங்கு இல்லை!