படிக்காமலே தீர்ப்பா?

காதுக்குக் கேட்காத ஒலி மூளையைப் பாதிக்கிறது என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலோர் சிரிப்பார்கள். சிலர் அப்படியே நம்பி, 192 கிலோ ஹெர்ட்ஸ் சவுண்ட் கார்டு வாங்கக் கிளம்பிவிடுவார்கள். இரு தரப்பாரும் அந்த ஆய்வைப் படிப்பதில்லை. இதுதான் என் வருத்தம்.

ஜப்பானைச் சேர்ந்த சுடோமு ஓஹாஷி குழுவினரின் ஆய்வு அது. 2000-ம் ஆண்டு ஜர்னல் ஆஃப் நியூரோபிசியாலஜி இதழில் வெளியானது. ஓஹாஷி, 1988-ல் வந்த அகிரா அனிமேஷன் படத்திற்கு வேறு பெயரில் இசையமைத்தவர். ‘இசைக்காரருக்கு மூளை ஆராய்ச்சி எதற்கு?’ என்று ஒதுக்குவது சுலபம்.

ஆடியோ சிடியில் ஒலி, விநாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகிறது. எனவே சுமார் 22 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் எதுவும் இருக்காது. நம் காதின் எல்லை சுமார் 20 கிலோ ஹெர்ட்ஸ்தான் என்பதால் இது போதும் என்பது பாடப்புத்தகக் கணக்கு.

ஓஹாஷி குழுவினர் பாலித் தீவின் கேமலான் இசையை 22 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கீழ், மேல் என இரண்டாகப் பிரித்து ஒலிக்கவிட்டார்கள். இரண்டும் சேர்ந்து ஒலித்தபோது கேட்டவர்களின் மூளையில் ஆல்பா அலைகள் கூடின. தனித்தனியே ஒலித்தபோது கூடவில்லை.

‘அதுதான் காதுக்கே கேட்காதே!’ என்கிறீர்களா? மேல் பகுதியை மட்டும் ஒலிக்கவிட்டபோது அதை ஒலி என்று யாருமே உணரவில்லை என்று கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். படிக்காமல் சிரிப்பவர் எடுத்து வீசும் ஆட்சேபம், ஆய்வாளரே ஒப்புக்கொண்ட விஷயம்!

படித்தவருக்குத்தான் உருப்படியான ஆட்சேபம் கிடைக்கும். 2001-ல் அஷிஹாரா, கிர்யு என்ற இருவர், ஒரே ஸ்பீக்கரில் மீயொலியைச் சேர்த்து ஒலித்தால் வித்தியாசம் தெரிவதையும், பல ஸ்பீக்கர்களில் பிரித்து ஒலித்தால் தெரியாமல் போவதையும் காட்டினார்கள். அதாவது, கேட்டது மீயொலி அல்ல, ஸ்பீக்கர் உண்டாக்கிய சிதைவு. அப்படியானால் ஓஹாஷி எப்படி ஒலித்தார் என்பதே முக்கியக் கேள்வி. பதில் செய்முறைப் பகுதியில் இருக்கிறது.

2007-ல் மேயர், மோரன் நடத்திய சோதனையையும் பலர் மறுப்பாகக் காட்டுவதுண்டு. உயர்தர ஒலியையும் அதையே சிடி தரத்திற்குக் குறைத்ததையும் பிரித்தறியச் சொன்னபோது, 554 முயற்சிகளில் 49.8 சதவீதமே சரி. பூவா தலையா போட்டாலும் இதே கணக்குத்தான். ஆனால் 2016-ல் ஜோஷ்வா ரீஸ் 18 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் வந்தது. சிறிய வித்தியாசம், ஆனால் தற்செயல் அல்ல. தவிர, இவை இரண்டும் ‘காது பிரித்தறிகிறதா?’ என்று கேட்டவை. ஓஹாஷி அளந்தது மூளையை. கேள்வியே வேறு!

இந்த ஆய்வு எனக்கு இன்னும் முழுத் திருப்தி தரவில்லை. இதைக் காட்டி விலையுயர்ந்த கார்டு விற்பவர்களையும் நான் ஏற்கவில்லை. 128 கேபிபிஎஸ் எம்பி3 பைல் பொதுவாக 16 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டியே வெட்டப்பட்டுவிடும். அதை 192 கிலோ ஹெர்ட்ஸில் ஓடவிட்டால் வெட்டியது திரும்பி வராது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் மூன்றை மட்டும் தேடிப் படியுங்கள். எதை அளந்தார்கள்? எந்தக் கருவியால் ஒலித்தார்கள்? வேறு குழுவினர் செய்து பார்த்தார்களா? சிரிப்பதோ, பர்ஸைத் திறப்பதோ அதற்குப் பிறகு இருக்கட்டும்.