கம்பிக்குள் அடங்கிய பலம்

வாகனப் பக்கம்



சென்ற இதழில், பழைய வாகனம் வாங்கும்போது அடித்தட்டில் துரு பார்க்கும் விதம் பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்துவிட்டுத் தொலைபேசியில் கதைத்தவர்களுள் ஒரு குடும்பத்தின் கேள்வியை இம்முறை எடுத்துக்கொள்கிறோம். மூன்று குடும்பங்கள் சேர்ந்து பழைய வீட்டு வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு அம்மம்மாவையும் ஏற்றிக்கொண்டு போய், ஹோட்டல் செலவில்லாமல் நாலு இடம் பார்த்துவர வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். விற்றவர், "முன்பக்கம் கொஞ்சம் பதிந்திருக்கிறது. கீழே ஒரு போல்ற் இருக்கிறது, அதை முறுக்கினால் சரி" என்று சொல்லிவிட்டுக் காசோடு போய்விட்டார். அந்தப் போல்ற்றை நாங்களே முறுக்கலாமா, அதற்கு என்ன கருவி வேண்டும் என்று கேட்கிறார்கள்.

வண்டியின் பெயரைக் கேட்டதும் எமக்கு நெஞ்சு ஒருமுறை திக்கென்றது. ஜீ.எம்.சீ. மோட்டர்ஹோம். மூன்று வருடங்களுக்கு முன் எமது வீட்டு வாசலிலும் அதே வண்டிதான் நின்றது, அதே போல்ற்தான் இருந்தது. அந்தக் கதையைச் சொல்ல முன்னர், வண்டியைப் பற்றிச் சில வார்த்தைகள்.

இந்த வண்டிகள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பொன்ரியாக் நகரில், 1973 தொடக்கம் 1978 வரையான மொடல்களாகச் செய்யப்பட்டவை. மொத்தம் ஏறக்குறைய 13,000 வண்டிகள். 23 அடி, 26 அடி என இரண்டு நீளங்களில் வந்தன. முழுச் சுமையோடு 10,000 இறாத்தலுக்கு மேல் நிறுவைக்கு வரும். மற்ற வீட்டு வண்டிகளைப்போல இதன் பின்சில்லுகள் வண்டியைத் தள்ளுவதில்லை, முன்சில்லுகளே இழுக்கின்றன. 1966இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ரொறொனாடோ காரின் இயந்திர அமைப்பை எடுத்துத்தான் இதைச் செய்தார்கள். முன்சில்லுக்குப் போகும் அச்சு வழியை அடைத்துக்கொள்வதால் அங்கே சுருள்வில் வைப்பது வசதிப்படாது. ஆகவே முறுக்குக் கம்பி வைத்தார்கள். கராஜ்களில் இதை ரோர்ஷன் பார் என்பார்கள்.

முறுக்குக் கம்பியை விளங்கிக்கொள்வது எமக்குக் கடினமல்ல. ஊரில் மாட்டுவண்டிலில் வைக்கோல் ஏற்றினால் கயிற்றால் கட்டி, கயிற்றுக்குள் ஒரு தடியைச் செருகி முறுக்குவார்கள். முறுக்க முறுக்கக் கயிறு இறுகும். தடியைக் கட்டாமல் கையை எடுத்தால் என்ன நடக்கும்? தடி சுழன்று வந்து முகத்தில் அடிக்கும். இங்கே கயிற்றுக்குப் பதில் உருக்குக் கம்பி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பிகள் வண்டியின் நீளவாட்டில் கிடக்கின்றன. கம்பியின் முன்நுனி சில்லைத் தாங்கும் கீழ் ஆர்முக்குள் பொருந்தியிருக்கும். பின்நுனி ஒரு சிறிய நெம்புகோலுக்குள் இருக்கும். அந்த நெம்புகோலின் வடிவத்தைப் பார்த்து வண்டிக்காரர்கள் அதற்குப் போர்க் சொப், அதாவது பன்றி இறைச்சித் துண்டு என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். குறுக்குச் சட்டத்தில் உள்ள போல்ற் இந்த நெம்புகோலை அழுத்திப் பிடிக்கிறது. போல்ற்றை உள்ளே முறுக்கினால் கம்பி மேலும் முறுகும், வண்டி உயரும். தளர்த்தினால் பதியும். வண்டியின் முன்பாரம் முழுவதும் இந்த இரண்டு கம்பிகளின் முறுக்கில்தான் நிற்கிறது.

இனி எமது கதை.

எமது வண்டியைத் திருத்த முன்வந்தவர் எங்கள் எல்லோருக்கும் அண்ணர் முறையானவர். யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமற் போனபோது, துளி பெற்றோலில் இயந்திரத்தை ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, ஒஸ்ரின் ஏ 40 கார்களையும் மொறிஸ் மைனர்களையும் உயிரோடு வைத்திருந்த கைகளில் ஒன்று அவருடையது. ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேரைக் கொண்டுபோன கார்கள் அவை! இங்கே வந்தபின் அந்தத் தொழிலுக்கு அத்தாட்சிப் பத்திரம் கேட்டார்கள். அவரிடம் இருந்தது கை மட்டும்தான். ஆகவே இரவில் வெதுப்பகத்தில் வேலை செய்தார். எங்கள் வண்டிக்குக் கீழே படுத்த அன்றுதான், பல வருடங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் பழைய வெளிச்சத்தைக் கண்டோம்.

கீழ் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்து போயிருந்தது. அதை மாற்றக் கம்பியைக் கழற்ற வேண்டும். "இதுக்கென்று தனிக் கருவி இருக்காம் அண்ணை, எங்கேயும் கேட்டுப் பார்ப்போமா?" என்றோம்.

"உதுக்கெல்லாம் ஒரு கருவியோ தம்பி? மொறிஸ் மைனருக்கும் உதே கம்பிதானே. ஜக்கும் சங்கிலியும் வைச்சே எத்தனை கழட்டினனான்" என்றார்.

அவர் சொன்னது பொய்யல்ல. மொறிஸ் மைனரின் முன்பக்கமும் முறுக்குக் கம்பியில்தான் நிற்கிறது. ஆனால் அந்தக் கார் முழுவதும் முக்கால் தொன் அளவுதான். எங்கள் வாசலில் நின்றது அதைப்போல ஆறு மடங்கு. கம்பியின் பருமனும் அதற்கேற்றபடிதான். அதை அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பெயாரிங் கழற்றும் இரண்டு கால் புல்லர் ஒன்றைக் குறுக்குச் சட்டத்தில் கொழுவி, அதன் திருகாணியால் நெம்புகோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்ற்றைக் கழற்றினார். பிறகு புல்லரை மெல்லமெல்லத் தளர்த்தினார். பாதியில் வெளிச்சம் போதவில்லை என்று லாம்பு கேட்டு, உடம்பை வெளியே இழுத்தார். அந்த நேரம் புல்லரின் ஒரு கால் விரிந்தது. வெடிச்சத்தம் போல ஒரு சத்தம். புல்லர் சீமெந்துத் தரையில் அடித்து, அதில் ஒரு சில்லுச் சீமெந்தைப் பெயர்த்துக்கொண்டு போய் வேலியில் விழுந்தது. சற்று முன்னர் அவருடைய தலை இருந்த இடத்துக்கும் அந்தப் பள்ளத்துக்கும் இடையில் ஒரு சாண்தான்.

அண்ணர் ஒன்றும் பேசவில்லை. சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிவந்த அவருடைய மனைவி தரையைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், திரும்பி உள்ளே போய்விட்டார். ஷெல்லடிக்குள்ளும் தப்பி வந்த மனிதன், ஒரு விடுமுறை வண்டிக்காக வீட்டு வாசலில் போயிருப்பாரே என்ற எண்ணம் அன்றிரவு எங்களை நித்திரை கொள்ளவிடவில்லை.

ஏன் அப்படி நடந்தது என்பதை இப்போது விளக்கலாம். வண்டியை உயர்த்திச் சில்லுகள் தொங்கினாலும் கம்பியின் முறுக்கு முழுவதும் போய்விடுவதில்லை. மிச்ச முறுக்கை விடுவிக்க அந்தப் போல்ற்றின் நீளம் காணாது. போல்ற்றை எடுத்துவிட்டு, நெம்புகோலை இன்னொன்று பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்க வேண்டும். அந்த இன்னொன்றுதான் முறுக்கு இறக்கும் கருவி. அடித்துச் செய்த தடித்த உருக்குச் சட்டம், குறுக்குச் சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும். நடுவில் ஒரு பெரிய திருகாணி. அதன் நுனி நெம்புகோலில் உள்ள குழியில் போய் இருக்கும், வழுக்காது. ஜெனரல் மோட்டோர்ஸ் விற்பனையாளர்களின் பட்டறைகளுக்கு இப்படியான விசேட கருவிகளைச் செய்து கொடுத்தது கென்ற்-மூர் என்ற நிறுவனம். புல்லருக்கு விரியும் கால்கள் உண்டு, இதற்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே கேள்வி கேட்ட குடும்பத்துக்கு எமது பதில் இரண்டு பகுதியாக இருக்கிறது.

உயரம் திருத்துவது மட்டும் என்றால்

இதைக் கவனமாக நீங்களே செய்யலாம். முறுக்கு இறக்கும் கருவி தேவையில்லை. தேவையானவை இவை: அளவு நாடா, வெண்கட்டி, தரையில் உருளும் நல்ல ஜக், பாரத்துக்கு ஏற்ற இரண்டு தாங்கு கால்கள், கம்பித் தூரிகை, துரு இளக்கும் எண்ணெய், கிறீஸ், நீண்ட பிடியுள்ள சொக்கற் சாவி, கண்ணுக்குக் கண்ணாடி. சொக்கற் ஆறு முகம் உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முகம் உள்ளது பழைய போல்ற்றின் தலையை வழித்துவிடும்.

முதலில் ரயர்களின் காற்றைச் சரிபார்த்து, வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பின்பக்கம் காற்றுப் பையில் நிற்பதால் அதன் உயரத்தை முதலில் சரியாக்குங்கள். பின்பக்கம் பிழையாக இருந்தால் முன்பக்க அளவும் பிழைக்கும். எங்கிருந்து அளப்பது, எவ்வளவு இருக்க வேண்டும் என்பவை பராமரிப்புக் கைநூலில் உண்டு. சட்டகத்திலிருந்துதான் அளக்க வேண்டும். மட்காட்டிலிருந்து அளக்கக்கூடாது.

அதன்பின் சட்டகத்தை ஜக்கால் உயர்த்தித் தாங்கு கால்களில் இருத்துங்கள். செங்கல், மரக்குற்றி வேண்டவே வேண்டாம். பாரம் இறங்கியபின் போல்ற் இலகுவாகத் திரும்பும். பாரத்தோடு முறுக்கினால் பழைய புரி தின்றுபோகும். புரியைத் துலக்கி, எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவிட்டு, கிறீஸ் பூசி, அரைச்சுற்று அரைச்சுற்றாக முறுக்குங்கள். எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டிய பிறகே மறுபடி அளக்கவும். ஒரு பக்கத்தைத் தொட்டால் மறுபக்கமும் சிறிது மாறும் என்பதால் இரண்டையும் பாருங்கள். உயரம் மாறினால் சில்லுகளின் கோணமும் மாறும். எனவே கடைசியில் சில்லு நேர்ப்படுத்தும் கராஜுக்குப் போகாமல் நெடும்பயணம் புறப்பட வேண்டாம்.

போல்ற் அசையவே இல்லை, அல்லது குறுக்குச் சட்டத்தைத் துரு தின்றிருக்கிறது என்றால் அத்தோடு நிறுத்துங்கள். அது வாசலில் செய்யும் வேலை அல்ல.

கம்பியைக் கழற்றுவது என்றால்

உரிய கருவி இல்லாமல் கை வைக்க வேண்டாம். பிக்கப் வண்டிகளுக்கென்று மலிவாக விற்கும் கருவிகள் எல்லாம் இந்த வண்டிக்கு அப்படியே பொருந்தும் என்று நம்பவும் வேண்டாம். போல்ற்றை எடுக்குமுன் அதன் புரி எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். திருகாணிக்குக் கிறீஸ் பூசுங்கள். கருவியின் நேர்க்கீழே தலையை வைக்காதீர்கள். இடக்கம்பியும் வலக்கம்பியும் ஒன்றல்ல, மாற்றிப் போடக்கூடாது. ஆகவே அடையாளம் இடுங்கள். கம்பியைச் சுத்தியலால் அடிக்கவோ, இடுக்கியால் கீறவோ கூடாது. சிறு கீறலிலிருந்துதான் ஒருநாள் வெடிப்புத் தொடங்கும்.

கருவிக்கு எங்கே போவது? எங்கள் அண்ணருக்கு இதுதான் பெரிய தடையாக இருந்தது. இரவல் கேட்பது எங்களுக்குப் பழக்கமில்லை. ஊரில் எல்லாம் எங்களிடம் இருந்தது என்பதனால் அல்ல, இல்லாததைக் கையால் செய்து பழகிவிட்டோம். அந்தப் பழக்கம்தான் எங்களை அந்த வருடங்களில் காப்பாற்றியது. அதில் எமக்குப் பெருமை உண்டு. ஆனால் அங்கே கருவி கிடைக்க வழியில்லை, இங்கே கேட்டால் கிடைக்கும். வழி இருக்கும்போதும் இல்லாதவர்போல வேலை செய்தால் அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் சொல்ல முடியாது.

உதிரிப்பாகக் கடைகள் சில, வைப்புப் பணம் வாங்கிக்கொண்டு விசேட கருவிகளை இரவல் கொடுக்கின்றன. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கங்களும் உண்டு. அங்கே ஒரு வார்த்தை கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் விசாரித்தோம். ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருந்த வயதான கனேடியர் ஒருவர் கருவியைத் தானே கொண்டுவந்தார். இரண்டு கம்பிகளும் ஒரு பின்னேரத்துக்குள் ஒரு சத்தமும் இல்லாமல் கழன்று வந்தன. போகும்போது, தன் வண்டி காலையில் ஸ்ராட் எடுக்கச் சிரமப்படுகிறது என்று சொன்னார். அடுத்த ஞாயிறு அண்ணர் அங்கே போய்க் காபரேற்றரைப் பிரித்துக் கழுவிப் பூட்டினார். மண்ணெண்ணெயில் காபரேற்றர் படித்த கைக்கு அது பெரிய காரியமா? இப்போது அந்தப் பகுதியில் பழைய வண்டிக்காரருக்குக் காபரேற்றர் கோளாறு என்றால் அண்ணரைத்தான் தேடுகிறார்கள்.

இன்னொன்று. முறுக்குக் கம்பி இந்தப் பழைய வண்டியில் மட்டும் இருப்பதல்ல. எம்மவருக்கு நன்கு தெரிந்த ரொயோட்டா ஹையேஸிலும், நாலு சில்லும் இழுக்கும் செவர்லே அஸ்ட்ரோ வானிலும் முன்பக்கத்தில் அதுவே இருக்கிறது. உங்கள் வானின் முன்பக்கம் பதிந்திருந்தால் மேலே சொன்னவை உங்களுக்கும் பொருந்தும்.

எமது வாசலில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. சீமெந்து பூசி மூடவா என்று கேட்டால் அண்ணரின் மனைவி வேண்டாம் என்கிறார்.

அடுத்த இதழில் குளிர்காலத்துக்கு முன் பற்றறியைச் சோதிப்பது எப்படி என்று பார்ப்போம். கேள்விகளை எழுதி அனுப்புங்கள்.