இலவசத்துக்கு விலைச்சீட்டு

கொச்சி மட்டாஞ்சேரிக்குச் செல்பவர்கள் தவறாமல் பார்க்கும் இடம் டச்சு அரண்மனை. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுகீசியர்கள் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனை அது. ஆனால், பின்னாளில் அதைப் புதுப்பித்த டச்சுக்காரர்களின் பெயரே நிலைத்துவிட்டது. கட்டியவர் ஒருவர், பெயரைத் தட்டிச் சென்றவர் வேறொருவர் என்பது வரலாற்றில் புதிதல்ல. அதே கொச்சியில் உருவான ஓர் அறிவுக் கருவூலத்துக்கும், அதுபோன்ற எண்ணற்ற நூல்களுக்கும் இணையச் சந்தையில் இன்று நேர்வது அதைவிடக் கவலைக்குரியது.

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் தலைவராக 1670 முதல் 1677 வரை இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுப்பித்த நூல் 'ஹோர்டஸ் மலபாரிகஸ்'. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் லத்தீன் மொழியில் 12 தொகுதிகளாக வெளிவந்த இந்த நூல், 742 தாவரங்களின் பெயர், வடிவம், மருத்துவப் பயன் ஆகியவற்றைப் படங்களுடன் விளக்குகிறது. இதற்கு அறிவை வழங்கியவர்கள் கேரளத்தின் நாட்டு மருத்துவர் இட்டி அச்சுதனும், கொங்கணி மருத்துவர்களான ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகியோரும்தான். மட்டாஞ்சேரியில் இன்றும் வாழ்ந்துவரும் கொங்கணி சமூகத்தின் முன்னோர் அவர்கள். 1675-இல் கொச்சியில் அவர்கள் எழுதிக் கொடுத்த சான்றுரைகள், அவரவர் எழுத்திலேயே முதல் தொகுதியில் இடம்பெற்றன. யாரிடமிருந்து பெற்றோம் என்பதை அந்நிய வணிகக் கம்பெனியின் அதிகாரிகூட மறைக்கவில்லை என்பதை இங்கே குறித்துக் கொள்ள வேண்டும்.

இந்த மூல நூலுக்கு இன்று பதிப்புரிமை இல்லை. பல்லுயிர்ப் பாரம்பரிய நூலகம் எனும் பன்னாட்டு இணைய நூலகத்தில் அதன் பக்கங்களை எவரும் காசில்லாமல் பார்க்கலாம், தரவிறக்கிக் கொள்ளலாம். ஆனால், இத்தகைய நூல்களின் மின்படிகளை அப்படியே எடுத்துக் குறுந்தகட்டில் பதிந்தும், அச்சிட்டுக் கட்டியும், வெறும் கோப்பாகவே அனுப்பியும் இணைய ஏலத் தளங்களிலும் விற்பனைத் தளங்களிலும் காசு பார்ப்பவர்கள் பெருகிவிட்டனர். மூலிகை நூல்கள் மட்டுமல்ல, மென்பொருள் கையேடுகள், தேர்வு வழிகாட்டிகள், அரசு வெளியிடும் பாடநூல்கள் என்று இலவசமாகக் கிடைக்கும் எதுவும் இந்த வணிகத்துக்குத் தப்புவதில்லை.

இது குற்றமா? எல்லா நேரங்களிலும் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். பதிப்புரிமை முடிந்த நூலை யாரும் அச்சிடலாம், விற்கலாம். நாட்டுடைமையாக்கப்பட்ட பாரதியாரின் படைப்புகளைப் பல பதிப்பகங்கள் வெளியிட்டதால்தான் அவை மலிவு விலையில் வீடுதோறும் சென்றன. மட்டாஞ்சேரியின் மிளகு வணிகரையே எடுத்துக் கொள்ளலாம். அவர் மிளகை விளைவிப்பதில்லை. தூற்றி, தரம் பிரித்து, மூட்டை கட்டி, கப்பலேற்றுகிறார். அந்த உழைப்புக்கு உரிய லாபத்தை யாரும் குறை கூற முடியாது. அதேபோல, பழைய நூலை நல்ல தாளில் அச்சிட்டு, பிழை திருத்தி, வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்ப்பவர் அதற்குக் கூலி கேட்பது நியாயமே.

தவறு விற்பனையில் இல்லை, மறைப்பில் இருக்கிறது. இதே நூல் இலவசமாகக் கிடைக்கிறது என்பதை மறைப்பது, அதை உருவாக்கியவர், மின்வடிவாக்கியவர் பெயர்களை நீக்குவது, எதையும் சேர்க்காமலேயே "அரிய தொகுப்பு", "வேறெங்கும் கிடைக்காதது" என்று ஆசை காட்டுவது, இவைதான் ஏமாற்று. இதில் இழப்பவர் வசதி படைத்தவர் அல்லர். தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமத்தின் இணையதளத்திலேயே பாடநூல்கள் இலவசமாக உள்ளன என்பதை அறியாத முதல் தலைமுறை மாணவர்தான், அதே கோப்புக்குப் பணம் கட்டுகிறார். அறியாமைக்கு விதிக்கப்படும் வரி இது.

இந்த வணிகத்தால் கொடையாளிகளுக்கும் அநீதி இழைக்கப்படுகிறது. 1998 பொங்கல் திருநாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தமிழ்த் தன்னார்வலர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கி இலவசமாக வழங்கி வருகிறது. அது கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் உள்ள முகப்புப் பக்கத்தை நீக்காமல் பகிர்ந்து கொள்ளுங்கள் என்பதே அது. தட்டச்சு செய்தவர், பிழை பார்த்தவர் பெயர்கள் அந்த முகப்பில்தான் உள்ளன. அதைக் கத்தரித்துவிட்டு விலை போடுபவர், கூலி வாங்காமல் உழைத்தவருக்குக் கிடைத்த ஒரே ஊதியத்தையும் பறித்துக் கொள்கிறார்.

எங்கள் தளம் வெறும் சந்தைத் திடல், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் எங்களுக்குப் பொறுப்பில்லை என்பது இணைய நிறுவனங்களின் வழக்கமான வாதம். இந்தியாவில் இந்த வாதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பாஸீ டாட் காம் ஏலத் தளத்தில் ஆட்சேபகரமான ஒளிப்பதிவு விற்பனைக்கு வந்ததற்காக அதன் தலைவர் 2004 டிசம்பரில் கைது செய்யப்பட்டார். அதன் பின்னர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு 2008-இல் திருத்தப்பட்டு, உரிய கவனத்துடன் செயல்படும் இடைநிலை நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு விரிவாக்கப்பட்டது. பாஸீ நிறுவனத்தை வாங்கிய இபேயின் இந்தியத் தளமும் 2018-இல் மூடப்பட்டுவிட்டது. கடைகள்தான் மாறின, சரக்கு மாறவில்லை.

நிறுவனங்கள் நினைத்தால் கட்டுப்படுத்த முடியும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. மின்கோப்புகளாக அனுப்பப்படும் பொருள்களை 2008-இல் இபே தனது ஏலப் பட்டியலிலிருந்து விலக்கியது. பதிப்புரிமை முடிந்த நூலின் இலவசப் பதிப்பு தனது கிண்டில் அங்காடியில் இருக்குமானால், மொழிபெயர்ப்போ உரையோ படமோ சேர்க்காத வெறும் மறுபதிப்பை ஏற்பதில்லை என்று அமேசான் விதி வகுத்திருக்கிறது. தனது அங்காடிக்குள் ஒரு நிறுவனம் கேட்கும் கேள்வியை, நாடு முழுவதற்குமாக அரசு ஏன் கேட்கக் கூடாது?

புதிய சட்டம்கூடத் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறான விளம்பரம் என்றே வரையறுக்கிறது. அதற்கு ரூ.10 லட்சம் வரையிலும், மீண்டும் செய்தால் ரூ.50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்பவரின் பெயர், முகவரி உள்ளிட்ட விவரங்களை வாங்குபவருக்குத் தெரிவிக்குமாறு தளங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. இந்த விதிகளில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும். பொதுவுடைமை நூலையோ, இலவசமாக வெளியிடப்பட்ட வழிகாட்டியையோ விற்பவர், அது இலவசமாகவும் கிடைக்கிறது என்பதையும், மூலம் எது, தாம் சேர்த்தது என்ன என்பதையும் விலைக்கு அருகிலேயே குறிப்பிட வேண்டும். தெரிந்தே வாங்குபவர் வாங்கட்டும். அது அவரது உரிமை.

வாங்குபவர்தான் விழிப்புடன் இருக்க வேண்டும் என்பார்கள். விழிப்புடன் இருப்பதற்கு வழி செய்து கொடுத்திருக்கிறோமா என்பதே கேள்வி. அரசு இணையதளங்களில் இலவச ஆவணம் ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் சாமானியர் களைத்துப் போகிறார். பல தளங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே பேசுகின்றன. இருப்பது இலவசம், கிடைப்பது அரிது என்ற இந்த இடைவெளியில்தான் இடைத்தரகர் கடை விரிக்கிறார். கொடுப்பதை எளிதில் கைக்கெட்டும்படி, மக்கள் மொழியில் கொடுத்தாலே இந்த வணிகத்தின் பெரும்பகுதி தானாகப் படுத்துவிடும்.

உண்மையான உழைப்பு எது என்பதையும் 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலே காட்டுகிறது. தாவரவியலாளர் கே.எஸ். மணிலால் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த லத்தீன் நூலோடு போராடி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் அதை 2003-இலும், மலையாளப் பதிப்பை 2008-இலும் வெளியிட்டது. அவருக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2025 ஜனவரி 1-இல் அவர் மறைந்தார். அந்த மொழிபெயர்ப்புக்குப் பதிப்புரிமை உண்டு, விலையும் உண்டு. அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். லத்தீன் மூலத்தின் மின்படியை நொடிப்பொழுதில் தரவிறக்கி விற்பவரும், அதன் பொருளை உலகுக்குத் திறந்து காட்டியவரும் ஒன்றாகிவிட முடியாது.

350 ஆண்டுகளுக்கு முன்பு நான்கு மருத்துவர்கள் தாங்கள் அறிந்ததைச் சொன்னார்கள், சொன்னது நாங்கள்தான் என்று எழுதியும் கொடுத்தார்கள். அவர்களது அறிவை விற்பவர்களிடம், குறைந்தபட்சம் அந்தக் கையெழுத்துகளை அழிக்காதீர்கள் என்று சொல்லும் துணிவாவது அரசுக்கு வேண்டும்.