பழைய போர்டுக்குக் கேபினெட் கிடைக்காதாம்!

"போர்டு பழசு சார். இதுக்கெல்லாம் இப்போ கேபினெட் வர்றதில்ல. பேசாம புது சிஸ்டமா எடுத்துடுங்க."

சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் மதுரையில் கேட்டாலும் இந்த மூன்று வாக்கியங்களும் இதே வரிசையில்தான் வந்து விழும். கேட்பவரும் தலையாட்டிவிடுகிறார். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய மதர்போர்டு, கண்ணாடிக் கதவும் வண்ண விளக்குமாக மினுக்குகிற இந்தக் காலத்துப் பெட்டிக்குள் எப்படி உட்காரும் என்று அவருக்கே தோன்றிவிடுகிறது. செல்போன் பழக்கிவிட்ட புத்தி இது. போன வருஷ மாடலுக்கு வாங்கிய கவர் இந்த வருஷ மாடலுக்குச் சேராது. கம்ப்யூட்டரும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அப்படி இல்லை. இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை வெளியிட்டது 1995இல். போர்டு 305 மில்லிமீட்டர் நீளம், 244 மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருக்க வேண்டும், ஸ்க்ரூ ஓட்டைகள் இன்னின்ன இடத்தில் வர வேண்டும், கீபோர்டு, மவுஸ், யுஎஸ்பி எல்லாம் பின்பக்கம் எட்டிப்பார்க்கும் திறப்பு 158.75க்கு 44.45 மில்லிமீட்டர் என்று எல்லாவற்றையும் அன்றைக்கே வரையறுத்துவிட்டார்கள். 1997 கடைசியில் வந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. தைவானின் வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்த மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. சின்னது பெரியதன் ஓட்டைகளில் சிலவற்றை அப்படியே எடுத்துக்கொண்டது. புதிதாக ஒன்றிரண்டைச் சேர்த்தபோது கேபினெட் செய்பவர்கள் அதற்கும் இடம் விட்டார்கள். முப்பது வருஷமாகியும் அந்த ஓட்டைகள் இடம் மாறவில்லை. நம் ஊரில் அசெம்பிள் செய்து விற்ற ஜி31, ஜி41, எச்61 சிப்செட் போர்டுகளில் மிகப் பெரும்பாலானவை மைக்ரோ ஏடிஎக்ஸ்தான். இன்று ஷோகேஸில் இருக்கும் சாதாரண மிட் டவர் கேபினெட் எதுவும் அவற்றை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

ஆகவே, "எந்த வருஷத்து போர்டு?" என்ற கேள்வியே தப்பு. கேட்க வேண்டியது, "என்ன அளவு?"

பிறகு ஏன் இந்த நம்பிக்கை இத்தனை உறுதியாக நிற்கிறது? மாட்டிப் பார்த்து, வேலை செய்யாமல் போன அனுபவம் பலருக்கும் உண்டு. அதில் பெரும்பங்கு சின்னப் பித்தளை ஸ்க்ரூக்களைச் சேரும். கேபினெட்டின் தகடு மேல் போர்டு நேராகப் படாதபடி தூக்கிப் பிடிப்பவை அவை. புதுக் கேபினெட்டில் பெரிய போர்டுக்கு ஏற்ற மாதிரி சில இடங்களில் முன்கூட்டியே முறுக்கி அனுப்பியிருப்பார்கள். நம் சின்ன போர்டை அதன் மேல் அப்படியே வைத்தால், ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு பித்தளை முனை போர்டின் அடிப்பக்கச் சால்டரைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நிற்கும், ஷார்ட். அதிர்ஷ்டம் இருந்தால் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் போர்டு போகும். உடனே தீர்ப்பு: "பாத்தீங்களா, பழைய போர்டு புதுக் கேபினெட்டுக்கு செட் ஆகல." போர்டைக் கேபினெட் தகட்டின் மேல் பிடித்து, ஓட்டைக்கு நேரே இல்லாத பித்தளையைக் கழற்றி, இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கினால் தீர்ந்திருக்கும் விஷயம். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்தை யாரும் செலவழிப்பதில்லை.

விலை குறைந்த போர்டுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. செலவை மிச்சம்பிடிக்க அகலத்தைக் குறைத்திருப்பார்கள். வலது ஓரத்தில் ஸ்க்ரூ ஓட்டையே இருக்காது. 24 பின் பவர் கனெக்டரை அழுத்தும்போது அந்த ஓரம் வளையும். கீழே ஒரு விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு அழுத்தினால் போதும். இதையும் "பொருந்தவில்லை" என்ற கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

அடுத்த குற்றச்சாட்டு, முன்பக்க ஒயர்கள். புதுக் கேபினெட்டின் யுஎஸ்பி 3 ஒயருக்கு முனையில் பெரிய 19 பின் கனெக்டர். ஜி41, எச்61 போர்டுகளில் அதற்கான இடம் பெரும்பாலும் இல்லை. 9 பின் யுஎஸ்பி 2தான். இடையில் மாட்ட ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கிறது, வேகம் குறையும், அவ்வளவுதான். பவர் ஸ்விட்ச் ஒயரை எப்படித் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும். எல்இடி ஒயரைத் திருப்பி மாட்டினால் எரியாது, கெடுதலும் இல்லை. பவர் எல்இடிக்குச் சில கேபினெட்டில் மூன்று துளைக் கனெக்டர் இருக்கும், போர்டில் இரண்டு பின் இருக்கும். ஊசியால் நெம்பிக் கம்பியைப் பக்கத்துத் துளைக்கு நகர்த்தினால் ஆயிற்று. வண்ண விளக்கு ஃபேன்களுக்குப் பழைய போர்டில் கனெக்டர் இராது என்பது உண்மை. விளக்கு எரியாது. பில் போடுகிற கம்ப்யூட்டர் வானவில்லாக மின்னியே ஆக வேண்டும் என்று யார் அழுதார்கள்?

உண்மையிலேயே யோசிக்க வேண்டியவை வேறு. இன்றைய கேபினெட்டுகளில் எஸ்எம்பிஎஸ் அடியில் உட்காருகிறது. பிராசஸருக்கான 4 பின் பவர் கனெக்டரோ போர்டின் மேல் ஓரத்தில். பழைய எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றி வைத்தால் அந்த ஒயர் பல சமயம் எட்டாது. நீட்டிப்பு ஒயர் வாங்க வேண்டும். டிவிடி டிரைவ் வைக்கும் இடம் இப்போது பல கேபினெட்டில் கிடையாது. ஐடிஇ ஹார்ட் டிஸ்க் இன்னும் ஓடுகிறதென்றால் அதன் பட்டை ஒயர் 18 அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கேபினெட்டோடு இலவசம்போலச் சேர்த்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருக்கும் வாட் கணக்கை அப்படியே நம்பாதீர்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பழைய போர்டுக்கு எமனாக வருவது பல சமயம் அதுதான். பழி மட்டும் கேபினெட்டுக்குப் போகிறது.

இனி, யாரும் தொடாத இடத்துக்கு வருகிறேன். எந்தக் கேபினெட்டிலும் சேராத போர்டுகள் நிஜமாகவே இருக்கின்றன. 1995க்கு முந்திய ஏடி வகையை விட்டுவிடலாம். அதைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு என் கட்டுரை தேவைப்படாது. (அந்தக் கேபினெட்டின் பவர் பட்டனுக்குள் 230 வோல்ட் நேராக ஓடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.) மற்றவை பெரும்பாலும் யாருடையவை என்றால், "அசெம்பிள்டு நம்பகமில்ல, பிராண்டட்தான் நீடிச்சு உழைக்கும்" என்று நம்பி நாம் கூடுதல் காசு கொடுத்து வாங்கினோமே, அந்தப் பெரிய நிறுவனங்களுடையவை.

1990களின் பிற்பகுதியில் டெல் சில மாடல்களில் செய்த வேலை கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்களிடையே பிரசித்தம். பவர் கனெக்டர் பார்வைக்கு அச்சாக ஏடிஎக்ஸ். உள்ளே ஒயர்களின் வரிசை வேறு. கடையில் கிடைக்கும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டினாலே போர்டு கருகும். அதன் பிறகு இன்டெல்லின் பிடிஎக்ஸ் வந்தது. பென்டியம் 4 கக்கிய சூட்டைச் சமாளிக்கப் போர்டின் அமைப்பையே திருப்பிப்போட்ட அளவுமுறை அது. 2006இல் இன்டெல்லே அதைக் கைகழுவியது. ஆனால் டெல் ஆப்டிபிளெக்ஸ் போன்ற அலுவலகக் கம்ப்யூட்டர்களில் அதை வாங்கியவர்களின் போர்டுகள் ஏடிஎக்ஸ் கேபினெட் எதிலும் நுழையாமல் அநாதையாகின. பின்னால் வந்தவையும் யோக்கியம் இல்லை. ஆப்டிபிளெக்ஸ் சிலவற்றில் 24 பின்னுக்குப் பதில் 8 பின், லெனோவோ திங்க்சென்டர் சிலவற்றில் 14 பின், எச்பி சிலவற்றில் 6 பின். முன்பக்கப் பட்டன் ஒயருக்கு ஆளுக்கொரு கனெக்டர். பின்பக்கத் திறப்பை மூடும் தகடு கேபினெட்டோடு ஒன்றாக வார்த்தது. எல்லாவற்றையும் அடாப்டர் போட்டுச் சமாளித்தாலும், தன் சொந்த ஃபேனைக் காணவில்லை என்று ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் நின்று, எஃப்1 அழுத்தச் சொல்லி அடம்பிடிக்கும் மாடல்களும் உண்டு.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். 2007இல் தெருமுனைக் கடைக்காரர் அசெம்பிள் செய்து கொடுத்த போர்டு இன்றைய கேபினெட்டில் உட்காருகிறது. 2016இல் ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்து, திருப்பிக் கொடுத்து, செகண்ட் ஹேண்டில் நம் கைக்கு வந்த பிராண்டட் போர்டு உட்கார மறுக்கிறது. வயதா இங்கே தடை? பொதுவான அளவுமுறையை வேண்டுமென்றே மீறியவர்களின் வியாபாரப் புத்திதான் தடை. அதற்குப் "பழசு" என்று பெயர் சூட்டி அவர்களை நாம் தப்பவிடுகிறோம்.

"கேபினெட் கிடைத்தாலும் அந்தப் போர்டு எதற்கு?" என்பார்கள். நியாயமான கேள்வி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் போர்டுகளை அதிகாரபூர்வமாக ஏற்காது. வீடியோ எடிட்டிங் செய்பவர் புதிதுதான் வாங்க வேண்டும். ஆனால் பேரலல் போர்ட்டில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஓடும் மண்டிக் கடைக்கும், அதே போர்ட் வழியே சிஎன்சி மெஷினை ஓட்டும் பட்டறைக்கும் பழைய போர்டே கதி. இன்று வரும் பெரும்பாலான போர்டுகளில் அந்தப் போர்ட்டே இல்லை. லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைப்பவருக்கும் இது தாராளம். சாதாரணக் கேபினெட்டின் விலை புது சிஸ்டத்தின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. போர்டைக் கைவிடக் காரணம் இருந்தால் அந்தக் காரணத்தைச் சொல்லிக் கைவிடுங்கள். கேபினெட்டைச் சாக்காகச் சொல்ல வேண்டாம்.

கடைக்காரரை மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை. பித்தளை ஸ்க்ரூ மாற்றி, ஒயர் பார்த்து, அரை மணி நேரம் குனிந்து செய்யும் வேலைக்கு நாம் கூலி கொடுக்கப் பேரம் பேசுகிறோம். புது சிஸ்டம் விற்றால் அவருக்கு நாலு காசு மிஞ்சுகிறது. அவர் எதைச் சொல்வார்? மாட்டும் கூலியை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள், பேச்சு மாறும். கடைக்குப் போகுமுன் ஸ்கேல் வைத்து போர்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அசெம்பிள் செய்த சிஸ்டத்தில் அந்தப் பின்பக்கத் தகடு போர்டுக்குச் சொந்தமானது. பழைய கேபினெட்டைக் காயலான் கடைக்குப் போடுமுன் அதைக் கழற்றி வையுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. பழுது நீக்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் இணையதளம் தொடங்கியது. மின்னணுக் கழிவு மேலாண்மைக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. இரண்டும் இருக்கும் நாட்டில், விற்கப்படும் ஒவ்வொரு மேசைக் கணினியின் அட்டைப் பெட்டி மேலும் போர்டின் அளவுமுறை என்ன, பவர் கனெக்டர் பொதுவானதா, அந்த நிறுவனத்துக்கே உரியதா என்று இரண்டு வரி அச்சிடக் கட்டாயப்படுத்துவது பெரிய காரியம் அல்ல. அதைச் செய்யட்டும்.