இரண்டு பீப்பாய் மழை

"ரெண்டே ரெண்டுதான் சித்தப்பா. மூணாவது வெச்சா சட்டப்படி தப்பு" என்றாள் அண்ணன் மகள், வீடியோ காலில். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரை ஒட்டிய ஊரில் வீடு வாங்கியிருக்கிறாள். செல்போனைத் திருப்பி, கூரையிலிருந்து இறங்கும் குழாய்க்குக் கீழே நின்ற இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய்களைக் காட்டினாள். மேலே மூடி, கொசு புகாமல் வலை. அடியில் ஒரு குழாய், அதில் மாட்டிய ஹோஸ் தக்காளிப் பாத்தி வரை போகிறது. "செடிக்கு ஊத்தலாம். குடிக்கக் கூடாது. பாத்ரூமுக்குக்கூட உள்ள எடுத்துட்டு வரக் கூடாது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கொலராடோ சட்டம் அதைத்தான் சொல்கிறது. ஒரு வீட்டுக்கு இரண்டு பீப்பாய், இரண்டும் சேர்த்து 110 கேலன், அதாவது சுமார் 416 லிட்டர். பீப்பாய்க்கு இறுக்கமான மூடி இருக்க வேண்டும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் நாலரை மில்லிமீட்டர் மழை விழுந்தால் இரண்டும் நிரம்பிவிடும். அதற்கு மேல் விழுவதைப் போக விட வேண்டியதுதான். 2016க்கு முன்னால், சில விலக்குகள் தவிர, இந்த இரண்டுக்கும்கூட அனுமதி இல்லை.

நமக்குச் சிரிப்பு வரும். 'மழைநீரைச் சேமித்தவருக்கு அமெரிக்காவில் சிறை' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியையும் இதோடு சேர்த்துப் படித்தால் கோபமே வரும். அந்தச் செய்தி பாதிதான் உண்மை. 2012இல் ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் 30 நாள் சிறை சென்றார். ஆனால் அவர் வைத்திருந்தது பீப்பாய் அல்ல. அனுமதி இல்லாமல் கரை எழுப்பி மூன்று குளங்களில் நீரைத் தேக்கியிருந்தார். கூரை நீரைப் பிடிக்க ஆரிகனில் தடை கிடையாது.

கொலராடோவின் தடை நிஜம். அதன் பின்னால் ஒரு நியாயமும் உண்டு. 1859 வாக்கில் தங்கம் தேடி அந்த மலைகளுக்குப் போனவர்கள், மண்ணை அலசத் தண்ணீர் கொண்டுவர வாய்க்கால் வெட்டினார்கள். முதலில் வெட்டியவனுக்கே முதல் பங்கு என்பது சுரங்க முகாம்களின் வழக்கம். விவசாயிகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். 1876இல் மாநில அரசியல் சாசனத்திலேயே அது ஏறிவிட்டது. ஓடைகளின் நீர் பொதுச் சொத்து. அதை முதலில் பயனுக்கு எடுத்தவருக்கு முன்னுரிமை.

அந்த விதியை உறுதி செய்தது ஒரு அணைத் தகராறு. செயின்ட் வ்ரெய்ன் ஓடையிலிருந்து, லெஃப்ட் ஹேண்ட் டிட்ச் என்ற வாய்க்கால் நிறுவனம், பக்கத்துப் பள்ளத்தாக்கின் வயல்களுக்குத் தண்ணீரைத் திருப்பியிருந்தது. 1879 வறட்சியில், ஓடைக் கரையிலேயே நிலம் வைத்திருந்தவர்கள் பொறுக்க முடியாமல் அந்த அணையின் ஒரு பகுதியை உடைத்தார்கள். 'நம் வாசலில் ஓடும் தண்ணீர் மலை தாண்டிப் போவதா' என்பது அவர்கள் ஆத்திரம். 1882இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கரையில் நிலம் இருப்பதால் மட்டும் தண்ணீரில் உரிமை வந்துவிடாது; முதலில் எடுத்துப் பயன்படுத்தியவர் யார் என்பதே கேள்வி; அவர் வயல் எங்கே இருந்தாலும் சரி.

இன்றும் அங்கே ஒவ்வொரு தண்ணீர் உரிமைக்கும் ஒரு தேதி உண்டு. ரேஷன் கடை வரிசை மாதிரிதான்: முன்னால் நிற்பவருக்கு முழு அளவு, சரக்கு தீர்ந்தால் பின்னால் நிற்பவருக்கு வெறும் பை. வறட்சி வந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பது இல்லை. 1880 தேதிக்காரருக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் 1920 தேதிக்காரர் தன் மதகை மூட வேண்டும். இந்தக் கணக்கில், கூரையில் விழும் மழையும் என்றைக்காவது ஓடைக்குப் போய்ச் சேர வேண்டிய நீர். ஆகவே அதுவும் எங்கோ கீழே ஒரு பழைய உரிமைக்காரருக்குச் சேர வேண்டியது. அதை வழியில் பிடிப்பவர் வரிசையில் நிற்காமல் வாங்குகிறவர்.

வரிசை மாநில எல்லையோடும் முடிவதில்லை. ஆர்கன்சா ஆற்றின் நீருக்காக கொலராடோவும் கீழே உள்ள கான்சாஸும் நூறு ஆண்டாக வழக்காடியவை. 1948இல் ஒப்பந்தம் போட்டார்கள். அதன் பிறகு கொலராடோ விவசாயிகள் ஆற்றோரம் கிணறுகள் போட்டு நீரை இறைத்தார்கள், ஆற்றில் ஓட்டம் குறைந்தது. கான்சாஸ் வழக்குப் போட்டு வென்றது. 2005இல் கொலராடோ 3 கோடி 40 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கட்டியது. கிணற்றில் இறைப்பதும் ஆற்றிலிருந்து எடுப்பதும் ஒன்றுதான் என்று பணம் கொடுத்துப் படித்த பாடம் அது. அப்படிப்பட்ட மாநிலம் பீப்பாயைச் சந்தேகமாகப் பார்த்ததில் வியப்பில்லை.

ஆனால் கொள்கையைக் கெட்டியாகப் பிடித்தவர்கள் நெடுங்காலம் அளந்து பார்க்கவில்லை. 2007இல் டென்வருக்குத் தெற்கே டக்ளஸ் கவுண்டியில் அளந்தபோது, விழும் மழையிலும் பனியிலும் சராசரியாக 97 சதவீதம் ஓடைக்கே போவதில்லை என்று தெரிந்தது. வெயில் குடித்தது போக, மிச்சத்தைச் செடிகொடிகள் குடித்துவிடுகின்றன. கீழே உள்ளவருக்குப் போக வேண்டிய நீர் என்று காவல் காத்ததில் பெரும்பங்கு அவரை எட்டியதே இல்லை. 2009இல் சொந்தக் கிணறு வைத்திருக்கும் சில வீடுகளுக்கு விலக்குக் கிடைத்தது. எல்லோருக்குமான பீப்பாய் மசோதா 2015இல் கீழவையைத் தாண்டி செனட்டில் முடங்கி, மறு ஆண்டுதான் நிறைவேறியது. அப்போதும் ஒரு வரி சேர்த்தார்கள்: பீப்பாய் வைப்பதால் தண்ணீரில் உரிமை எதுவும் பிறக்காது. கீழே உள்ள உரிமைக்காரருக்குப் பாதிப்பு என்று தெரிந்தால் மாநிலத் தலைமைப் பொறியாளர் நிறுத்தச் சொல்லலாம்.

லெஃப்ட் ஹேண்ட் வாய்க்கால் தீர்ப்பு வந்த அதே 1882இல், இந்தியாவில் ஆங்கிலேய அரசு வசதி உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் அது அமலான பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 7ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. குறிப்பிட்ட வாய்க்கால் வழியாக ஓடாத நிலத்தடி நீரையும் நிலத்தின்மேல் உள்ள நீரையும், தன் எல்லைக்குள் திரட்டிக்கொள்ள நில உரிமையாளருக்கு உரிமை உண்டு. கொலராடோ சொன்னதற்கு நேர் எதிர். நிலம் உன்னுடையது என்றால் நீரும் உன்னுடையது. எவ்வளவு என்ற கேள்வியே அதில் கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பழைய போர் காய்ந்து போக, புதிதாக இன்னும் ஆழமாக இறக்கினார்கள். அந்தக் கோடையிலேயே பக்கத்து வீட்டு உறைகிணறு வற்றியது. பக்கத்து வீட்டு அம்மா சண்டைக்குப் போனார். "எங்க இடத்துல நாங்க போட்டோம், இதுல உங்களுக்கு என்னம்மா?" என்று பதில் வந்தது. சட்டம் தெரிந்து சொன்ன பதில் அல்ல. ஆனால் 1882 சட்டம் அச்சு அசலாக அதைத்தான் சொல்கிறது.

2003இல் தமிழக அரசு இரண்டு காரியம் செய்தது. ஜெயலலிதா ஆட்சியில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. கெடு வைத்தார்கள், குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றார்கள், ஊரே மொட்டைமாடியிலிருந்து பி.வி.சி. குழாய் இறக்கியது. அதே ஆண்டு நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்தவும் ஒரு சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கே வரவில்லை. 2013இல் ரத்தும் செய்துவிட்டார்கள். சென்னைப் பகுதிக்கென 1987இலிருந்தே தனிச் சட்டம் இருப்பது உண்மை. லாரித் தண்ணீருக்கு உரிமம் வேண்டும் என்று அதில் இருப்பதும் உண்மை. புறநகர்க் கிணற்றடியில் கோடைக் காலையில் வரிசைகட்டும் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு அதன் பலம் தெரியும்.

நாம் பூமிக்குள் விடும் மழை, வேலிக்குள் நின்றுகொள்வதில்லை. ஒரு வீட்டுக் குழியில் இறங்கியதை அடுத்த தெரு மோட்டார் இழுக்கும். அப்படிப் பார்த்தால் மழைநீர் சேகரிப்புச் சட்டம் சொல்வதும் கொலராடோ சொல்வதுதான்: உன் கூரையில் விழுந்தது உனக்கு மட்டும் சொந்தமில்லை. சேர்க்கும்போது பொது என்கிறோம், எடுக்கும்போது சொந்தம் என்கிறோம். கொலராடோ பீப்பாயை அளந்துவிட்டு அளவு கடந்த பயத்தைத் தளர்த்தியது. நாம் இன்னும் மோட்டாரை அளக்கவே தொடங்கவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போய்ச் சேகரிப்புக் குழியை எட்டிப் பார்க்கும் ஊழியர், அப்படியே போர்வெல் குழாயில் ஒரு மீட்டரையும் மாட்டிவிட்டு வரட்டும். கட்டணம் போடுவதைப் பற்றிப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்; முதலில், யார் எவ்வளவு எடுக்கிறோம் என்பது தெரு முழுக்கத் தெரியட்டும்.