உறங்கும் வண்டியும் வீடே
குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அடுப்பும் சிலிண்டரும் ஏற்றிய சுற்றுலா வேன்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. பெருநாள் விடுமுறையில் வடகரையிலிருந்து நாமும் அவ்வாறே வெளியூர் புறப்படுகிறோம். வண்டியே அடுக்களையும் படுக்கையறையும் ஆகிவிடுகிறது.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா இரயில் பெட்டியில் தீப்பற்றி, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்திருந்த 9 பேர் மாண்டனர். விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட எரிவாயு சிலிண்டரே காரணமென இரயில்வே அறிவித்தது. கசியும் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மூடிய வண்டியில் தரையோடு தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும்.

உறங்குமுன் வீட்டிலுள்ள நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கட்டளையிட்டுள்ளார்கள். நாம் உறங்கும் வண்டியும் வீடே அன்றோ? பிரயாண துஆ ஓதிப் புறப்படும் நாம் கட்டுச்சோறு எடுத்துக்கொள்வோம். சிலிண்டரை வீட்டிலேயே விட்டுச் செல்வோம்.