தள்ளப்பட்ட தாளக்காரர்

பீட்டில்ஸ் என்னும் ஆங்கில இசைக்குழுவைப் பற்றிப் பேச்செழும்போது நம் நண்பர்கள் நால்வரின் பெயர்களைத் தவறாது சொல்வர்: ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், ரிங்கோ ஸ்டார். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குப் பதுளையிலும் பண்டாரவளையிலுங்கூட இப்பெயர்கள் புதியன அல்ல. ஆயின், ரிங்கோவுக்கு முன் இரண்டாண்டுக் காலம் அக்குழுவுக்கு மேளம் அடித்தவர் வேறொருவர் என்பதும், அவர் பிறந்த ஊர் மதராஸ் என்பதும் சிலருக்கே தெரியும். தெரிந்தவர்களும் ஒரே வாக்கியத்திற் கதையை முடித்து விடுகின்றனர். அடிக்கத் தெரியாதவன், அதனால் நீக்கினார்கள் என்பதே அவ்வாக்கியம். அதை அப்படியே ஏற்கலாமா?

அவர் பெயர் பீட் பெஸ்ட். 1941 ஆம் ஆண்டு நவம்பர் 24 ஆம் திகதி மதராஸிற் பிறந்தவர். தாயார் மோனா டில்லியிற் பிறந்தவர். போர் முடிந்த 1945 இல் குடும்பம் கப்பலேறி லிவர்பூல் சேர்ந்தது. அந்த அம்மையார் 1959 ஓகஸ்டில் தம் வீட்டின் நிலவறையில் இளைஞர்களுக்கென ‘கஸ்பா’ என்றொரு காப்பிக் கழகத்தைத் திறந்தார். திறப்பு விழா இரவில் அங்கே பாடிய பையன்களே பின்னாளில் பீட்டில்ஸ் ஆயினர். மறு ஆண்டு ஜெர்மனியின் ஹம்பேர்க் நகருக்கு அழைப்பு வந்தபோது அவர்களிடம் மேளக்காரர் இல்லை. பெஸ்டைத் தேடிப்பிடித்து, 1960 ஓகஸ்ட் 16 ஆம் திகதி அழைத்துக்கொண்டு புறப்பட்டனர். சரியாக ஈராண்டு கழித்து, 1962 ஓகஸ்ட் 16 ஆம் திகதி அவரை நீக்கினர். நாட்கூற்றின் இந்தக் கொடுமையை எந்தக் கதாசிரியரும் புனைந்திருக்கமாட்டார். புனைந்தால் செயற்கை என்று நாமே குறை கூறியிருப்போம்.

ஹம்பேர்க் மேடை இன்னதென்று முதலில் உணர வேண்டும். துறைமுகத்தை அடுத்த களியாட்டத் தெருவில் குடித்தும் சண்டையிட்டும் திரிகின்ற கூட்டத்தின் முன்னே இரவுக்கு நான்கைந்து மணி நேரம் ஓயாது வாசிக்க வேண்டும். அங்கே நுணுக்கத்துக்கு இடமில்லை. வேண்டியது ஓசையும் உறுதியும். காலால் மிதிக்கும் பெரிய மேளத்தைத் தாளத்தின் நான்கு எண்ணிக்கையிலும் தவறாமல் இடித்துக்கொண்டே போவது பெஸ்டின் பாணி. அவ்விடிப்பிலே நின்றுதான் மற்றவர்கள் பாடக் கற்றார்கள். திறமையற்ற ஒருவரை அத்தகைய மேடையில் ஈராண்டு வைத்துக்கொண்டிருக்க எந்தக் குழுவாலும் இயலாது. லிவர்பூலுக்குத் திரும்பியபின் அக்குழுவுக்கெனத் திரண்ட இரசிகர் கூட்டத்தில் பெஸ்டின் முகத்துக்காக வந்தவர்களும் மிகப் பலர். முகத்துக்காகத்தானே என்று சிரிக்கலாம். அச்சிரிப்பு மற்ற மூவருக்கும் அப்போது வரவில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

இனி, அவருக்கு எதிரான சான்று. இது செவிவழிச் செய்தியன்று. இன்றும் கேட்கக் கிடைப்பது. 1962 ஜூன் 6 ஆம் திகதி இலண்டன் அபே வீதியிலுள்ள ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்கள் பாடிய ‘லவ் மீ டூ’ என்னும் பாட்டு, 1995 இல் வெளியான ‘அந்தொலொஜி’ முதற்றொகுதியில் இடம்பெற்றிருக்கிறது. அதைப் பொறுமையாகக் கேட்டேன். பாட்டின் நடுவே தாளத்தின் நடை மாறுகிறது. மாறிய நடை பாட்டோடு இழையவில்லை. திரும்பிப் பழைய நடைக்கு வருமிடத்தில் கேட்பவருக்கும் கால் இடறுகிறது. ஒலிவாங்கி இரக்கமற்ற பரீட்சகர். மண்டபத்து ஆரவாரத்தில் மறைந்துபோகும் வழுக்களை அது ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினுக்கு அன்று திருப்தியில்லை. இசைத்தட்டுக்கு மட்டும் தாம் வேறொரு மேளக்காரரை அமர்த்திக்கொள்வதாக முகாமையாளர் பிரையன் எப்ஸ்டைனிடம் சொன்னார். குழுவை விட்டே அவரை நீக்குமாறு தாம் சொல்லவில்லை என்று மார்ட்டின் பிற்காலத்திற் கூறியிருக்கிறார். பெஸ்டை மோசமென்போர் இவ்வேறுபாட்டை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

அவர்கள் மறக்கும் இன்னொன்றும் உண்டு. செப்டெம்பர் 4 ஆம் திகதி அதே பாட்டை ரிங்கோவுடன் பதிந்தார்கள். அதுவும் தயாரிப்பாளருக்குப் போதவில்லை. 11 ஆம் திகதி மறுபடி பதிந்தபோது, கூலிக்கு வாசிக்கும் அனுபவசாலியான அண்டி வைட் என்பவரை ஆசனத்தில் அமர்த்தி, ரிங்கோவின் கையில் டம்பரினைக் கொடுத்து ஒதுங்கி நிற்க வைத்தார்கள். நம் கஞ்சிராவுக்கு உறவான அந்தச் சிறு வாத்தியத்தைக் குலுக்கிக்கொண்டு நின்ற ரிங்கோவை இன்று யாரேனும் மோசமான கலைஞர் என்பாரா? மாட்டார். பிற்காலத்தில் அவர் காட்டிய வித்தை அந்த நாளைக் கழுவிவிட்டது. பெஸ்டுக்கு அந்தப் பிற்காலம் கொடுக்கப்படவில்லை. ஒரே கூடம், ஒரே பாட்டு, ஒரே மூன்று மாதத்துக்குள் இருவரும் போதாதவராகத் தீர்ப்புப் பெற்றனர். ஒருவருக்கு மட்டும் மேல்முறையீடு கிடைத்தது.

ஆயினும் பெஸ்டும் ரிங்கோவும் சமம் என்று சாதிக்க நான் முன்வரவில்லை. ரிங்கோ இயல்பில் இடக்கைப் பழக்கமுடையவர். வலக்கைக்காரருக்கென அமைத்த மேளங்களில் வாசித்தவர். அதனால் அவர் கை சுற்றிவரும் வழி மற்றவர் போகாத வழியாயிற்று. அவ்வழியிலே பாட்டுக்குப் புதிய நயங்கள் பிறந்தன. இவ்விடத்தில் நம் சங்கீத வாசகர்களுக்குப் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் நினைவு வராமற் போகாது. அவரும் இடக்கை மிருதங்கக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்க வேண்டுமாதலால், இடக்கைக்காரர் பாடகரின் மறுபுறம் அமர, வயலின்காரர் தம் இடத்தை விட்டெழ வேண்டும். எழ மனமில்லாதவர் பலர் இருந்தமையால் பிள்ளையவர்களுக்குக் கச்சேரிகள் எளிதிற் கிடைத்தில. செம்பை வைத்தியநாத பாகவதர் துணிந்து அவரை அருகே அமர்த்தியிராவிட்டால், பழனி என்ற பெயரும் ‘அவ்வளவாகப் போதாது’ என்ற வரிசையிலேயே சேர்ந்திருக்கும். ஒருவர் மேடையில் இல்லாமற் போனதற்கு அவர் கை மட்டுமே காரணம் என்று முடிவு கட்டும்போது, ஆசனம் யாருடையது, எழ மறுத்தவர் யார் என்றும் கேட்டாக வேண்டும்.

பெஸ்டின் கதையில் ஆசனச் சங்கடம் எது? அவர் அதிகம் பேசாதவர். மற்ற மூவரும் தலைமயிரை நெற்றியில் விழச் சீவியபோது இவர் பழைய பாணியை மாற்றவில்லை. வேலை முடிந்ததும் தனியே போய்விடுவார். மூவரின் கேலிக்கும் கிண்டலுக்கும் நடுவே நான்காமவராக அவர் ஒருநாளும் கரையவில்லை. இவை தாளக் குற்றங்கள் அல்ல. ஆயினும் ஒரு குழு இத்தகைய காரணங்களுக்காக ஒருவரை விலக்க எண்ணினால் அது இயற்கையே. நட்பை ஆணையிட்டுப் பெற முடியாது. விலக்கிய விதமே இழிவானது. மூவரில் ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. எப்ஸ்டைனைக் கொண்டு, அவர் அலுவலகத்துக்கு அழைப்பித்துச் சொல்ல வைத்தார்கள். பின்பு கவர்ன் கழகத்தில் இரசிகர்கள் எதிர்த்துக் கூச்சலிட்டதும், அக்கலவரத்தில் ஜோர்ஜ் ஹரிசன் கண்ணில் அடி வாங்கியதும் வரலாறு. முகம் பார்த்துச் சொல்ல அஞ்சியவர்களுக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது. ‘வாசிப்பு மோசம்’ என்பதைக் காட்டிலும் தூய்மையான நியாயம் கலையுலகிற் கிடைக்குமா? ஜூன் மாதத்து ஒலிப்பதிவு அதற்கு வாய்ப்பாகவும் அமைந்தது. உண்மையான ஒரு குறை, வேறொரு காரணத்துக்குப் போர்வையாயிற்று என்பதே என் துணிபு.

நமுனுகுல மலையடியிலிருந்து எழுதுகிறவனுக்கு இந்தக் கதையில் இத்தனை அக்கறை ஏன் என்று வாசகர் கேட்கலாம். நம் தோட்டங்களில் தப்பு என்றொரு வாத்தியம் உண்டு. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூட்டியது அது. காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் இழவுக்கும் அதுவே முழங்கியது. ‘தப்பு’ என்றால் பிழை என்றும் பொருள் தமிழில் அமைந்தது அதன் கெட்ட காலம் போலும்! பின்னர் கோயில் வாசலுக்குப் பேண்ட் வாத்தியமும் ஒலிபெருக்கியும் வந்தன. பல இடங்களில் தப்பு லயத்துச் சுவரில் தொங்கலாயிற்று. கேட்டால், அதன் ஓசை கரடுமுரடு, நயமில்லை என்பார்கள். நயமில்லாமலா காமன் கூத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு வேறு அடி பிறந்தது? உண்மைக் காரணம் ஓசையிலில்லை. அதை அடித்தவனை ஊர் எங்கே நிறுத்தியது என்பதில் இருந்தது. அந்த இடத்தில் நிற்க விரும்பாத இளைஞன் வாத்தியத்தைக் கீழே வைத்தான். அதில் அவனுக்கு முழு நியாயம் உண்டு. ஊருக்கோ, தன் பழைய செய்கையைப் பேசாமலிருக்க, வாத்தியம் மோசம் என்ற பேச்சு உதவிற்று. பாடசாலை விழாக்களுக்கு மாணவர்கள் இப்போது தப்பு பழகும்போது, தாளம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்தப் பாதியையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பேன்.

பெஸ்டின் பின்வாழ்வை நீட்டத் தேவையில்லை. சொந்தக் குழு அமைத்துப் பார்த்தார், நிலைக்கவில்லை. பின்னர் லிவர்பூலில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அரசாங்க ஊழியராக இருபதாண்டுக் காலம் பணிபுரிந்தார். வேலை போனவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் பணி அது! 1988 இல் மீண்டும் மேடையேறித் தம் குழுவுடன் நாடுகள் பல சுற்றினார். 2025 இல், எண்பத்துமூன்றாம் வயதில், ஓய்வு பெற்றார். முன்சொன்ன 1995 ஆம் ஆண்டுத் தொகுதியில் அவர் வாசித்த பத்துப் பாட்டுகள் சேர்க்கப்பட்டமையால், முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து அவருக்குரிய பங்குப் பணமும் வந்து சேர்ந்தது.

அத்தொகுதியின் அட்டையில் குழுவின் பழைய படமொன்று அச்சாகியிருக்கிறது. பெஸ்டின் தலை இருந்த இடம் மட்டும் கிழிக்கப்பட்டு, கிழிசலின் அடியிலிருந்து ரிங்கோவின் முகம் எட்டிப் பார்க்கிறது. 2008 இல் பெஸ்ட் தம் குழுவுடன் ‘ஹேமன்ஸ் கிரீன்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். தாயார் காப்பிக் கழகம் நடத்திய வீடு இருந்த தெருவின் பெயர் அது. அதன் அட்டைக்கு அவர் எடுத்துக்கொண்டது, அந்தப் படத்திலிருந்து கிழித்தெறியப்பட்ட அதே துண்டை.